பூஸ்ட் பெடலில் ஒரு சுவிட்ச்

நாகல் நகரில் மிக்சி ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம்தான் என் கிடாரின் சத்தத்தைக் கூட்டும் பூஸ்ட் பெடலைக் கொண்டுபோனேன். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, சால்டரிங் புகையில் பழுப்பேறிய மீசை. எந்த பேட்டரியையும் மீட்டரில் வைக்க மாட்டார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "உப்பு கம்மி" என்பார்.

கிடார் கீச்சென்று காதைக் கிழிக்கிறது, இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குக் கிடாரே வேண்டாம் என்று எங்கள் சர்ச் பாட்டுக்குழு மாஸ்டர் சொல்லியிருந்தார்.

மிக்சிக்காரர் பெடலில் ஒரு கெபாசிட்டரை மாற்றினார். சத்தம் இதமானது. மாஸ்டர் மட்டும், "அதே கீச்சுதான்" என்றார். திரும்பப் போனேன். இந்த முறை பெடலின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்.

"மாஸ்டர் வந்தப்பறமா இத மேல தள்ளிட்டு வாசி, அப்பு."

அப்படியே செய்தேன்.

"இம்புட்டு நாளும் இதத்தானய்யா கேட்டேன்!" என்று மாஸ்டர் தலையாட்டினார். எனக்கும் தேனாகத்தான் கேட்டது.

கிறிஸ்துமஸ் முடிந்து பேட்டரி மாற்றப் பெடலைத் திறந்தால், சுவிட்சில் ஒரு வயர்கூட இல்லை. நேராகக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, சுவிட்ச் எதோடயும் சேரலையே?"

"கெபாசிட்டர் கிடாருக்கு. சுவிட்ச் மாஸ்டருக்கு" என்றவர், என் பழைய பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

எனக்கு ஏன் வித்தியாசம் கேட்டது என்று அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. இப்போதும் அந்தச் சுவிட்சை மேலே தள்ளாமல் நான் வாசிப்பதில்லை. தள்ளாவிட்டால் கீச்சென்று கேட்கிறது.