மெயில் மெர்ஜில் காணாமல் போன நாற்பத்தொரு பேர்

பிரிக்பீல்ட்ஸ் கம்ப்யூட்டர் வகுப்பில் இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த வகுப்பில்தான் படித்தேன். அங்கே சொல்லித் தராத ஒன்றை வேலைக்குப் போய் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். அடி எனக்கு மட்டும் விழவில்லை.

1. செவ்வாய்க்கிழமை, கவுண்டரில்

"பேர் இல்லன்னா என்னா தம்பி அர்த்தம்? நான் இங்க நிக்கிறேன்ல?"

கேட்டவர் அஞ்சலை அக்கா. டெங்கில் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. வயது நாற்பது இருக்கும். மூன்று பஸ் மாறி கிள்ளானுக்கு வந்திருந்தார். அடையாள அட்டையான ஐசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அந்தப் பையை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

அந்தத் தோட்டத்தை ஒரு மேம்பாட்டுக் கம்பெனி எடுத்துக்கொண்டது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளை உடைக்கப் போகிறார்கள். அதற்குப் பதிலாகக் குடும்பத்துக்கு ஒரு மலிவு விலை வீடு. கடிதம் வந்தவர்கள் கடிதத்தையும் ஐசியையும் எடுத்துக்கொண்டு வந்து வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் பதிய வேண்டும். பதியாதவருக்கு வீடு கிடையாது. அந்தக் கடிதங்களை அச்சடித்து அனுப்புவதும் பதிவு செய்வதும் கிள்ளானில் நான் வேலை பார்த்த சின்ன ஆபீஸின் வேலை. நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அஞ்சலை அக்காவுக்குக் கடிதம் வரவில்லை. முதல் நாள்தான் அவருடைய அண்ணன் மணியம் வந்து பதிந்துவிட்டுப் போயிருந்தார். அண்ணன் வேறு லயம், தங்கை வேறு லயம். புருஷன் இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு தனிக் குடும்பம். நான் பட்டியலைப் பார்த்தேன். அக்காவின் ஐசியில் அப்பா பெயராக இருந்த வீராசாமி என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதில் இருந்தது மணியத்தின் ஐசி எண்.

"அக்கா, லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே."

உள்ளறையிலிருந்து எங்கள் மேலாளர் சந்திரன் சார் குரல் கொடுத்தார். "இல்லன்னா இல்ல. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது லா. அடுத்த ஆள வரச் சொல்லு."

நான் தலையாட்டினேன். இதை எழுதும்போதும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது.

அக்கா நகரவில்லை. "கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியாது, சரி. மணியத்த மட்டும் எப்படித் தெரிஞ்சுது? ரெண்டு பேருக்கும் ஒரே கிராணியார்தான் பேர் எழுதுனாரு." பிறகு கவுண்டரை விட்டுப் போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். "கண்டுபிடிங்க. நான் உக்காந்திருக்கேன்."

2. வகுப்பில் படித்தது

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா ரோட்டோரம் புல் வெட்டும் அரசாங்க வேலை. சம்பளத்தாளில் கைநாட்டு. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்ததும் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்த வகுப்பில் சேர்ந்தேன். வேர்ட் பிராசஸர் தனி, ஸ்பிரெட்ஷீட் தனி, டேட்டாபேஸ் தனி என்று மூன்று சான்றிதழ் வாங்கினேன். கடைசி மாதம்தான் அவற்றைச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். டேட்டாபேஸில் இருப்பதை ஸ்பிரெட்ஷீட்டுக்கு எடுத்து, அங்கே ஒழுங்கு செய்து, வேர்ட் பிராசஸரில் இருக்கும் ஒரே கடிதத்தோடு இணைத்தால் நூறு கடிதம் தானாக வரும். இதுதான் மெயில் மெர்ஜ். எனக்கு அது மாயம் மாதிரி இருந்தது.

புத்தகத்தில் இருந்த மாதிரிப் பட்டியலில் ஜான் ஸ்மித், மேரி பிரவுன். முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். கடிதம் 'அன்புள்ள மிஸ்டர் ஸ்மித்' என்று தொடங்கும். அப்படியே பழகினேன்.

தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணியார் கொடுத்த டேட்டாபேஸில் இருநூற்று முப்பத்தொரு குடும்பம். பெயர்கள் ஐசியில் இருப்பதுபோலவே முழுதாக இருந்தன. இன்னார் ஏ/எல் இன்னார், இன்னார் ஏ/பி இன்னார். இன்னாரின் மகன், இன்னாரின் மகள். முகவரி லேபலில் அச்சடித்துப் பார்த்தால் கிருஷ்ணசாமிகளும் சுப்பிரமணியங்களும் பாதியில் வெட்டுப்பட்டு நின்றார்கள்.

சந்திரன் சார் பார்த்துவிட்டு, "என்ன இது, ரயில் மாதிரி பேரு? ஷார்ட் பண்ணு" என்றார்.

ஷார்ட் பண்ணினேன். ஏ/எல் எங்கே வருகிறது என்று தேடி, அதற்கு முன்னால் இருப்பதை முதல் பெயர் என்றும் பின்னால் இருப்பதைக் கடைசிப் பெயர் என்றும் பிரிக்க ஒரு பார்முலா எழுதினேன். ஏ/எல் என்றால் மலாய் முறைப்படி எஞ்சேக், அதாவது திரு; ஏ/பி என்றால் புவான், திருமதி. லேபலில் கடைசிப் பெயர் மட்டும்; ஐசி எண் கடிதத்துக்குள் இருந்தது. அழகாக ஒரே வரியில் அடங்கியது. அதாவது தோட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பவேண்டிய கடிதத்தை அவர்களுடைய தகப்பன்மார் பெயருக்கு எழுதினேன். பாதிப் பேர் செத்துப்போனவர்கள்.

அதோடு நிற்கவில்லை. லேபலைப் புரட்டிய சந்திரன் சார், "ஒரே பேரு திரும்பத் திரும்ப வருது பாரு. ராமசாமி ஏழு தடவ வர்றான். டூப்ளிகேட்ட எடு" என்றார். தோட்டத்தில் எல்லாருக்கும் முகவரி ஒன்றுதான், தோட்ட ஆபீஸின் தபால் பெட்டி. பெயரும் முகவரியும் ஒன்றாக இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று கட்டளை கொடுத்தேன். ஒரு நொடியில் இருநூற்று முப்பத்தொன்று நூற்றுத் தொண்ணூறு ஆனது.

"பாத்தியா? கம்பெனிக்காரன் இருநூறுக்குள்ளதான் இருக்கும்னான். கரெக்டா வருது" என்று என் முதுகில் தட்டினார்.

தட்டு வாங்கியது எனக்குப் பெருமையாக இருந்தது. என் ஐசியில் இருப்பது சேகரன் ஏ/எல் முனியாண்டி. எங்கள் தெருவில் ஐந்து முனியாண்டி பிள்ளைகள் உண்டு, எவரும் எவருக்கும் சொந்தமில்லை. இதெல்லாம் தெரிந்த நான், கீபோர்டு முன்னால் உட்கார்ந்ததும் ஜான் ஸ்மித்தின் ஊர்க்காரன் ஆகிவிட்டேன்.

3. பெஞ்சிலிருந்து வந்த கேள்வி

அன்று மத்தியானம் கவுண்டரில் கூட்டம் குறைந்ததும் பழைய டேட்டாபேஸைத் திறந்தேன். அஞ்சலை ஏ/பி வீராசாமி இருந்தார், எட்டாம் லயம். என் பட்டியலில்தான் இல்லை.

இரண்டு பட்டியலையும் ஐசி எண்ணை வைத்து ஒப்பிட்டேன். ஐம்பத்தாறு பேர் இல்லை என்று வந்தது. இருநூற்று முப்பத்தொன்றில் நூற்றுத் தொண்ணூறு போனால் நாற்பத்தொன்றுதானே வரவேண்டும்? உதைத்தது. ஒவ்வொரு வரியாகப் பார்த்தால், பதினைந்து பேருடைய ஐசி எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஸ்பிரெட்ஷீட் அதை எண் என்று நினைத்து முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தூக்கிப் போட்டிருந்தது. அவற்றைச் சரிசெய்ததும் நாற்பத்தொன்று நின்றது. நாற்பத்தொரு குடும்பம்.

பெஞ்சில் இருந்த அக்கா கேட்டார். "தம்பி பேரு என்னா?"

"சேகரன்."

"அப்பா பேரு?"

"முனியாண்டி."

"இந்தக் கடுதாசியெல்லாம் நீதான் அடிச்சியா? எங்கண்ணனுக்கு எங்கப்பா பேருல வந்திருக்கு. செத்து பதினோரு வருசம். மணியம் அத சாமி படத்துக்கிட்ட வெச்சிருக்கான்." பிறகு, "ஒன் வேலைக்கான கடுதாசி முனியாண்டிக்குத்தான் வந்துச்சா? பாவம், இந்த வயசுல அவர் வந்து டைப் அடிக்கணுமே" என்றார்.

பக்கத்தில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்க முயன்றேன், வரவில்லை.

"அக்கா, தப்பு என்னோடதுதான். சரிபண்ணிட்டு உங்களுக்குக் கடிதம் கொண்டாந்து குடுக்கிறேன்."

"கொண்டாந்துன்னா? வெள்ளிக்குள்ளயா?"

"வெள்ளிக்குள்ள."

"எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாமலே மடித்து ஐசியோடு வைத்துக்கொண்டார்.

4. சிவப்புப் பேனா

புதன்கிழமை காலை நாற்பத்தொரு பெயரையும் அச்சடித்து சந்திரன் சார் மேசையில் வைத்தேன். பார்த்தார், திருப்பி வைத்தார்.

"உக்காரு சேகர். நூத்தித் தொண்ணூறுன்னு நம்பர் கம்பெனிக்குப் போயாச்சு. அவன் அதுக்கு பிளான் போட்டுட்டான். இப்ப போயி நாப்பத்தொன்னு கூடுதுன்னு சொன்னா அடுத்த காண்ட்ராக்ட் நமக்குக் குடுப்பானா?"

"சார், கூடல. நாம கழிச்சத திருப்பி வைக்கிறோம்."

"யார் கழிச்சது? நானா கீபோர்டுல உக்காந்தேன்?"

"டூப்ளிகேட் எடுக்கச் சொன்னது நீங்க சார்."

"டூப்ளிகேட்ட எடுன்னேன். ஆள எடுன்னு சொன்னேனா?"

அவர் சொன்னது பாதி உண்மை. ஆனால் அவரும் ஏ/எல்தான். அவர் ஐசியிலும் தகப்பன் பெயர் இருக்கிறது. ஏழு ராமசாமியும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் எண்ணிக்கை குறைந்ததில் அவருக்குச் சந்தோஷம். என் கோபம் அந்தச் சந்தோஷத்தின் மேல்தான், இன்றைக்கும்.

"வராதவன் வராமப் போட்டும். அப்பீல் பண்ணிக்கட்டும்" என்றார்.

"கடிதமே போகல சார். எத வெச்சு அப்பீல் பண்ணுவாங்க? நாளைக்கு அந்த அக்கா திரும்ப வந்து உக்காந்தா நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

சந்திரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. தப்பு உன்னோடதுன்னு கம்பெனிக்கு எழுதிக் குடு. நீ கையெழுத்துப் போடு. அவன் ஒத்துக்கிட்டா எனக்கு என்னா?"

எழுதினேன். 'மேலாளர் சொன்னபடி' என்று ஓர் இடத்தில் வந்தது. சிவப்புப் பேனாவால் அதை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த இரண்டு சொல்லுக்காகச் சண்டை போட்டால் வெள்ளிக்கிழமை போய்விடும். விட்டுவிட்டேன். அடித்துத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, பேக்ஸ் அனுப்பினேன்.

வியாழன் பதினொரு மணிக்குப் பதில் வந்தது. கடிதத்தோடும் ஐசியோடும் வெள்ளி நான்கு மணிக்குள் வந்தால் பதியலாம். தேதி நீட்டிப்பு இல்லை.

5. வியாழனும் வெள்ளியும்

தபாலில் போட்டால் சனிக்கிழமை சேரும். நாற்பத்தொரு கடிதத்தையும் புதிதாக மெர்ஜ் செய்தேன். இந்த முறை பெயரை உடைக்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கி, லேபலில் இரண்டு வரி ஆக்கினேன். வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம் என்று தெரிந்தபோது பிரிண்டரை ஓங்கி ஒரு குத்து விடலாம்போல இருந்தது.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் டெங்கிலுக்குப் போனேன். கிராணியார் கடிதக் கட்டைப் பார்த்தார். "ஓ, விட்டுப்போச்சா? நானும் நெனச்சேன், ஏழு ராமசாமிக்கு ஒரே லெட்டர் வந்திருக்கேன்னு."

"நெனச்சீங்களா? ஒரு போன் பண்ணியிருக்கலாமே, அண்ணே."

"கம்ப்யூட்டர் லெட்டராச்சே தம்பி. நான் போயி என்னா கேக்கறது?"

படித்தவர்கள் நாங்கள் மூன்று பேர். நான் கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினேன், சந்திரன் சார் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்தார், கிராணியாருக்குச் சந்தேகம் வந்தும் வாயைத் திறக்கவில்லை. கவுண்டருக்கு வந்து ஏன் என்று கேட்டது பள்ளிக்கூடமே போகாத ஒருவர்.

இரண்டு மணிக்கு ஆட்கள் வேலை முடிந்து வந்தார்கள். லயம் லயமாக நடந்து முழுப் பெயரையும் வாசித்துக் கொடுத்தேன். அஞ்சலை அக்கா வாங்கி, தன் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, ஏ/பி வரைக்கும் கேட்ட பிறகுதான் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"நாளைக்கு எப்படி வருவீங்க, அக்கா?"

"லோரி கேட்டிருக்கோம். ஒன் பாஸ்கிட்ட சொல்லி வை, பெஞ்சு பத்தாது."

வெள்ளி பதினொரு மணிக்குத் தோட்டத்து லோரி எங்கள் ஆபீஸ் முன்னால் வந்து நின்றது. மாடிப்படி முழுக்க ஆட்கள். சந்திரன் சார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒவ்வொருவராகப் பதிந்தேன். அஞ்சலை அக்கா பதினேழாவது. நான்கு மணிக்கு முப்பத்தெட்டு பேர் முடிந்திருந்தார்கள்.

மூன்று பேர் வரவில்லை. பெயர் இல்லை என்று கேள்விப்பட்டு, நமக்கு வீடு இல்லை போலிருக்கிறது என்று அந்த வாரமே லயத்தைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள். ஒருவர் பந்திங் பக்கம் போனதாகச் சொன்னார்கள். மற்ற இருவர் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. பூட்டிய கதவுக்கு அடியில் நான் தள்ளிவிட்டு வந்த கடிதங்களை வீட்டோடு சேர்த்து இடித்திருப்பார்கள்.

அடுத்த மாதம் என்னை நிரந்தரம் ஆக்கவில்லை. "உனக்கு வேலை தெரியுது. ஆனா ரொம்ப டென்ஷன் ஆவுற லா" என்றார் சந்திரன் சார்.

6. செய்யவேண்டியது

இணைக்கும் வேலை செய்யப் போகிறீர்கள். பெயரை உடைக்காதீர்கள், அதற்கு ஒரே கட்டம் போதும். ஆளை ஆளோடு பொருத்த ஐசி எண்ணை மட்டும் நம்புங்கள். அதையும் எண்ணாக அல்ல, எழுத்தாக உள்ளிடுங்கள், இல்லாவிட்டால் பூஜ்யம் போய்விடும். டூப்ளிகேட் எடுக்கச் சொன்னால், எடுக்கும் முன்னால் எடுபடப் போகும் பட்டியலை அச்சடித்து, சொன்னவரிடம் கையெழுத்து வாங்குங்கள். உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒன்றாக இல்லையென்றால் யார் முதுகில் தட்டினாலும் எழுந்து நில்லுங்கள். கம்ப்யூட்டர் தப்பு என்று மட்டும் எவரிடமும் சொல்லாதீர்கள். அதற்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அந்த மூன்று பேரைத் தெரிந்திருக்கலாம். முழுதாகவே எழுதுகிறேன்.

பெருமாள் ஏ/எல் ராமசாமி.
கோவிந்தம்மா ஏ/பி ராமசாமி.
ஆறுமுகம் ஏ/எல் சின்னையா.

உங்களுக்கு வீடு இருந்தது.