சுண்ணாம்பு அருவி

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடுகளுக்கு நான் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஊரிலிருந்து கப்பலேறி வந்த நாடகக் கம்பெனி ஒன்று அங்கே கொட்டகை போட்டது. அவர்களுடைய படுதா எழுதுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சனிக்கிழமை நாடகத்துக்கு மலையும் அருவியும் எழுதிய படுதா வேண்டும். நான் போய் நின்றேன்.

"சுவருக்கு அடிக்கிறவன்தானே நீ?" என்றார் முதலாளி. "சரி, எழுது. நல்லா வந்தா கிள்ளான், பினாங்குன்னு எங்களோட வரலாம். இல்லன்னா உன் சுவத்துக்கே போயிடு."

எனக்கு அது போதும். டெங்கிலில் ரப்பர் மரம் சீவினேன், தண்டவாளத்துக்குச் சரளை கொட்டினேன். எங்கேயும் வேர்விட்டதில்லை. அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்ற நினைப்பே என்னை நடக்க வைத்தது.

மலை சுலபமாக வந்தது. அருவிக்கு மேலிருந்து கீழாக நேர்நேராக வெள்ளைக் கோடுகள் இழுத்தேன். குறத்தி வேடம் கட்டுகிற நடிகர் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தார்.

"அண்ணே, மலையில யாரு வேட்டி காயப்போட்டது?"

பக்கத்தில் நின்ற பபூன், "வேட்டி இல்லடா, கிழவன் தாடி" என்றார்.

அவர்கள் சொன்னது சரிதான். அருவியைத் தூரத்தில் பார்த்திருக்கிறேனே தவிர, தண்ணீர் எப்படி விழுகிறது என்று ஒருபோதும் கவனித்ததில்லை.

ஸ்டேஷன் ஓரத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற இரும்புத் தொட்டி ஒன்று எப்போதும் நிரம்பி வழியும். அதன் எதிரில் போய் உட்கார்ந்தேன். விளிம்பைத் தாண்டும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி வளைந்தது. கொஞ்சம் இறங்கியதும் கிழிந்து கட்டிகட்டியாக உடைந்தது. ஒரு கட்டியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே கீழே வந்தால் பாதியில் காணாமல் போனது. கிழிந்த இடத்தில் எல்லாம் தொட்டியின் கறுப்பு தெரிந்தது. அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் வெள்ளை ஓடாது என்று அங்கேதான் புரிந்தது.

திரும்பி வந்து கோடுகளுக்கு நடுவே பாறைக் கறுப்பை வைத்தேன். அதன்மேல் கெட்டிச் சுண்ணாம்பைக் கட்டிகட்டியாக அப்பினேன். அருவி இறங்குவது போலவே இருந்தது. முதலாளி எட்ட நின்று பார்த்துத் தலையசைத்தார். காய்ந்ததும் படுதாவைச் சுருட்டிக் கட்டினார்கள்.

சுவரை யாரும் சுருட்டுவதில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

சனிக்கிழமை படுதாவை அவிழ்த்து இறக்கியதும், சுருட்டியதில் வெடித்திருந்த சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. கீழே பபூன் நின்றார். தலை, மீசை, தோள் எல்லாம் வெள்ளை. ஓரத்தில் நின்ற நான், பினாங்கு போயிற்று என்று நினைத்தேன்.

பபூன் மேலே அண்ணாந்து பார்த்தார். முகத்தைத் துடைத்தார்.

"அடியே குறத்தி, உங்க ஊருத் தண்ணிய வடிகட்டிக் குடிக்கறதே இல்லையா?"

கொட்டகை அதிர்ந்தது. பின்வரிசை பெஞ்சில் ஏறி நின்று விசிலடித்தது.

நாடகம் முடிந்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கிள்ளானுக்கு வண்டி காலையில. சுண்ணாம்பு மறக்காம எடுத்துக்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இது விழணும்."

அப்படித்தான் கம்பெனியோடு கிளம்பினேன். ஊருக்கு ஊர் அந்த அருவியைப் புதிதாக அப்பினேன். ஒவ்வொரு முறையும் கறுப்பை வேறு இடத்தில் வைத்துப் பார்ப்பேன். எது சரியாக வந்தது என்று நின்று பார்ப்பதற்குள் அது பபூன் தலையில் இருக்கும்.