காதர் பாட்சாவின் ஷார்ஜா பாத்ரூம்

குளித்து முடித்தாலும் காதர் பாட்சா உடனே வெளியே வந்துவிட மாட்டார். தலையைப் பாதி துவட்டியும் துவட்டாமலும், இடுப்பில் கைலியோடு, கொக்கியில் கிடக்கும் பழைய பனியன் துணியை எடுத்துக் குழாயைத் துடைப்பார். பிறகு வாஷ்பேசின், அப்புறம் கண்ணாடி, கடைசியாகத் தரை. தரையைத் துடைத்தபடியே பின்னோக்கி நகர்ந்து வாசலுக்கு வந்து சேர்வார். எங்காவது ஒரு சொட்டுத் தண்ணீர் மின்னினால் மறுபடி உள்ளே போவார். போகும்போது கால் பட்ட இடத்தையும் சேர்த்துத் துடைக்க வேண்டியிருக்கும்.

"குளிச்சுட்டுத் தொடைக்கிறீங்களா, தொடைக்கிறதுக்காகக் குளிக்கிறீங்களா?" என்று மனைவி ஹுஸ்னா அடுப்படியிலிருந்து கேட்பாள். வேலை நேரத்தில் பேசுகிற வழக்கம் பாட்சாவுக்குக் கிடையாது.

லப்பைக்குடிக்காட்டில் அரபு நாட்டுக்குப் போய் வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. திரும்பி வந்ததும் ஒருவர் மாடி எழுப்புவார், இன்னொருவர் பெரம்பலூரில் கடை போடுவார். ஷார்ஜாவில் பெரிய ஓட்டல் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர் என்று ஊர் அறிந்த பாட்சா, 2003இல் ஒரேயடியாகத் திரும்பி வந்ததும் முதலில் கை வைத்தது குளியலறையில். அறை என்று அதைச் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மாடிப்படிக்கு அடியில் சின்ன வெங்காயம் கொட்டி வைத்த இருட்டு மூலை அது. பிற்பாடு ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, கதவு போட்டு, குளிக்கிற இடம் ஆக்கினார்கள். உள்ளே குனிந்து காலுக்குச் சோப்புப் போட்டால் பின்பக்கம் கதவைத் திறந்துவிடும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். பாட்சாவுக்கு அது ஸ்டார் ஓட்டல் வளையாக இருக்க வேண்டும்.

முதலில் தொட்டியை இடித்தார். வாளியையும் சொம்பையும் நாடு கடத்தினார். "கீழ வாளி கெடந்தா எடம் செத்துரும். தரை காலியாக் கெடக்கணும், அப்பத்தான் பெரிசாத் தெரியும்" என்றார். பெரம்பலூர் போய்ப் பால் வெள்ளை டைல்ஸ் வாங்கி வந்து தரையிலிருந்து கூரை வரை பதித்தார். மேலே ஷவரும், மூலையில் கையகலத்துக்கு ஒரு வாஷ்பேசினும் வந்தன. பழைய கதவு போய் ஓரமாகத் தள்ளும் கதவு வந்தது. எதிர்ச்சுவர் முழுக்க ஒரே கண்ணாடி.

அந்தக் கண்ணாடியால் வீடு இரண்டுபட்டது. ஹுஸ்னா குளிக்கப் போகும்போது பழைய சேலை ஒன்றை எடுத்துப்போய் அதன்மேல் போர்த்திவிட்டுத்தான் குழாயைத் திறப்பாள்.

"அது எடத்த ரெட்டிப்பாக்குது, புள்ள" என்றார் பாட்சா.

"ஆளையும்ல ரெட்டிப்பாக்குது! ஒருத்தியப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு."

ஈரக்காற்றை வெளியேற்ற ஒரு விசிறியும் மாட்டினார். அந்த அறைக்கு வெளியே அவருக்கென்று இடம் இல்லாததால் அது அடுப்படிக்குள் ஊதியது. கறிக்குழம்பில் சோப்பு வாசம் அடித்தது. துண்டுகளைக் கொக்குப் போல மடித்துப் பலகையில் உட்கார வைத்தார். கொக்கு கலைந்தால் அவர் முகம் வாடிவிடும் என்று ஹுஸ்னா சேலைத் தலைப்பிலேயே முகம் துடைத்துக்கொள்கிறாள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் மெச்சிவிட்டுக் கடைசியில், "சன்னல் வைக்கலியா பாய்?" என்று கேட்டுவிடுவார்கள்.

"ஷார்ஜாவுல எந்த பாத்ரூமுக்குங்க சன்னல் இருக்கு? சன்னல் வைக்கிறதெல்லாம் பழைய பேஷன்."

வாய் என்ன சொன்னாலும் சுவர் கேட்க வேண்டுமே. ஈரம் போக வழியில்லாமல் டைல்ஸ் இடுக்குகளில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் மறு வாரமே திரும்பி வந்தது. ஒரு சன்னல் வைக்காவிட்டால் ஆசை ஆசையாகக் கட்டியது அழுகிப்போகும் என்று பாட்சாவுக்கு நன்றாகத் தெரியும். சன்னல் வைக்க இருந்தது ஒரே ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா ஆயிஷா பீவியின் கொல்லை. அத்தா மவுத்தான பிறகு வீட்டைப் பிரித்தபோது கொல்லையும் கிணறும் அக்கா பங்குக்குப் போயின. பெண்கள் புழங்குகிற இடம். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே சன்னல் திறக்க முடியாது. அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஷார்ஜாவில் இருந்த காலத்தில் நடந்த அக்கா மகள் இஃப்பத்தின் நிக்காஹுக்குப் பாட்சா வரவில்லை. அவர்தான் ஒரே தாய்மாமன். சோபா வந்தது, பிரிட்ஜ் வந்தது, ஆள் வரவில்லை. "லீவு கெடைக்கலக்கா" என்று போனில் சொன்னார். "சூப்பர்வைசருக்கே லீவு இல்லியா? மனசு இல்லேன்னு சொல்லு" என்று போனை வைத்த ஆயிஷா பீவி, அதற்குப் பிறகு தம்பியோடு பேசவே இல்லை.

பாட்சா சூப்பர்வைசரே அல்ல. அந்த ஓட்டலில் அறை அறையாகப் போய்க் குளியலறை கழுவியவர். அந்த வேலைக்காரனுக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அக்கா அழுதுவிட்டு மன்னித்திருப்பார். ஆனால் ஊர் முழுக்கச் சூப்பர்வைசர் என்று சொல்லியாகிவிட்டது. இப்போது சன்னல் கேட்கப் போனால் அந்தக் கதையையும் அவிழ்க்க வேண்டும். பூஞ்சணமே தேவலை என்று இருந்துவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்தச் சுவரில் ஒரு மரச்சட்டம் அடித்து, கம்பி மாட்டி, நீலப்பூப் போட்ட திரையைத் தொங்கவிட்டார். திரைக்குப் பின்னால் வெறும் டைல்ஸ்தான்.

"பாக்கறவங்களுக்கு சன்னல் இருக்கற மாதிரி இருக்கும்ல? எடம் தாராளமாத் தெரியும்."

"காத்து வருமா?" என்றாள் ஹுஸ்னா.

"வர்ற மாதிரி இருக்கும்."

இதிலே வேடிக்கை என்னவென்றால், அந்தப் பக்கம் துணி துவைக்கும் சத்தமோ அக்காவின் இருமலோ கேட்டால் பாட்சா சட்டென்று திரையை இழுத்து மூடுவார். சுவரை எதற்கு மூடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அவர் சாப்பிட வரமாட்டார்.

போன பெருநாளன்று ஹுஸ்னா பொறுமை இழந்தாள். ஒரு கிண்ணத்தில் சேமியாவை எடுத்துக்கொண்டு போனவள், திரும்பும்போது நாத்தனாரைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். ஆயிஷா பீவி தம்பி முகத்தைப் பார்க்காமல் ஹுஸ்னாவிடமே பேசினார். "ஊரே பாத்துட்டு வந்து பேசுது. அப்படி என்னத்தத்தான் கட்டி வச்சிருக்கான்னு பாத்துட்டுப் போயிடறேன்."

உள்ளே போனார். கண்ணாடியைப் பார்த்தார், கொக்கைப் பார்த்தார். வாஷ்பேசினில் கை கழுவி, ஈரக்கையை உதறினார். கண்ணாடியெங்கும் தண்ணீர் தெறித்தது.

பாட்சாவின் கை தானாகத் துணியை எடுத்துவிட்டது. புதுச்சட்டையோடு குனிந்து குழாய், பேசின், கண்ணாடி என்று ஒரே வீச்சில் துடைத்தார். துடைத்து முடித்ததும் சுவரோரம் ஒதுங்கி, கைகளைப் பின்னால் கட்டி, தலையைத் தாழ்த்தி, விருந்தாளிக்கு வழிவிட்டு நின்றார். சொந்த வீட்டில், பெருநாள் சட்டையில் அப்படி நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஆயிஷா பீவிக்குத் தெரிந்தது. அப்போதுதான் தம்பி முகத்தை நேராகப் பார்த்தார்.

"பாட்சா, அங்க இதுதான் ஒன் வேலையா?"

"ஆமாக்கா."

"நம்ம இஃப்பத் நிக்காஹுக்கு லீவு கேட்டியா?"

"கால்ல விழாத கொறையாக் கேட்டேன். தரமாட்டேன்னுட்டான்."

"அத எங்கிட்ட சொல்றதுக்கென்னடா? பாத்ரூம் கழுவுனா நீ எந்தம்பி இல்லாமப் போயிருவியா?"

ஆயிஷா பீவிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் தம்பிக்குக் காட்டாமல் இருக்க அந்தப் பக்கம் திரும்பித் திரையை விலக்கினார். வெள்ளை டைல்ஸ்.

"என்னடா இது, தெறந்தா செவுரு?"

"சன்னல் மாதிரிக்கா."

ஆயிஷா பீவிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் இருமலே வந்தது. "லூசுப் பயலே! ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே ஒடச்சு விட்டுருப்பேனே. நாளைக்கே கொத்தனார வரச் சொல்லு. நான் தொவைக்கிற கல்லுல ஒரு செங்கல்லு விழுந்துச்சு, அப்பறம் இருக்கு ஒனக்கு."

"சரிக்கா."

"திரை எம்பக்கந்தான் இருக்கும். எப்ப மூடணும், எப்பத் தெறக்கணும்னு நான் பாத்துக்கறேன்."

கம்பி அவருக்கு எட்டவில்லை. துணியைப் பிடித்தபடியே நின்றிருந்த தம்பியின் தோளில் கை ஊன்றி எம்பி, திரையைக் கம்பியோடு உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.