மரவந்தே ரோட்டில் கிளீனர் சீட்

போன நவம்பரில், தீபாவளி முடிந்த அடுத்த வாரம், நாங்கள் மூன்று பேர் பெங்களூரிலிருந்து மரவந்தே வரை காரில் போய்வந்தோம். ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் நெடுஞ்சாலை. குந்தாபுராவைத் தாண்டி வரும் அந்தச் சின்னத் துண்டு ரோட்டுக்காகத்தான் 460 கிலோமீட்டர். இது எங்களுக்கு ஐந்தாவது முறை. முதல் நாலு முறையும் ஓட்டியவன் அந்தோணி. இந்த முறை நான்.

இருபது வருடங்களுக்கு முன்பு நானும் கன்னடக்காரன் மஞ்சுவும் பொம்மசந்திராவில் ஒரே ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்த்தோம். எங்களை ஏற்றி இறக்கிய வேனுக்கு அந்தோணி டிரைவர். மூன்று பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தால் போதும், யாரிடமாவது ஒரு ஆம்னி வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடலுக்குக் கிளம்பிவிடுவோம். அப்போது எனக்கும் மஞ்சுவுக்கும் ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை, அந்தோணி இருக்கும்போது எதற்கு? நான் ஓட்டப் பழகியதே ரொம்பப் பின்னால்தான்.

ஆறு மாதம் முன்பு அந்தோணிக்கு ஃபிட்ஸ் வந்தது. வண்டியில் இல்லை, வீட்டில், காபி குடித்துக்கொண்டிருந்தபோது. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்றுவிட்டார். எப்போது ஓட்டலாம் என்பதைச் சொல்லவில்லை. அதிலிருந்து அவன் விவேக் நகர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போக வெட்கமாக இருக்கிறதாம். மஞ்சுதான், "மரவந்தேக்குப் போலாம் குரு, ஆளு தேறிடுவான்" என்றான்; அவனுக்கு எல்லாரும் 'குரு'தான். கிளம்பும்போது அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா தங்கள் கார் சாவியை என் கையில் வைத்து, "அவரு கெஞ்சுவாரு. குடுத்துடாதீங்கண்ணா" என்றாள்.

காலை 4.45க்குப் புறப்பட்டோம். ஐந்தே முக்காலுக்கு நெலமங்களா. அதைத் தாண்டிவிட்டால் ஹாசன் வரை ரோடு பிரமாதம். ஏழேகாலுக்கு எடியூர் பக்கம் தட்டெ இட்லியும் காபியும், மூன்று பேருக்கு 240 ரூபாய்.

எங்கள் வழக்கப்படி டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுக்குக் கிளீனர் சீட் என்று பெயர். அங்கே உட்காருபவன் தூங்கக் கூடாது, டிரைவருக்குக் கடலை உரித்துக் கொடுக்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும். அந்தோணி அதில் உட்கார மாட்டேன் என்றுவிட்டான். சரியாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். நான் பிரேக் போடுவதற்குள் அவன் கால் என் சீட்டை மிதித்துவிடும். சகலேஷ்புரா தாண்டி ஷிராடி காட் இறங்கும்போது கேட்கவே வேண்டாம்.

"செகண்ட் போடுடா. பிரேக்கையே மிதிச்சினு இருந்தா சூடாயிடும்."

"போட்டுட்டேன்டா."

"ஹார்ன் அடி. ஹார்னு எதுக்கு இருக்குது, அழகுக்கா?"

எனக்கு மலைப்பாதையில் அதுதான் முதல் முறை. சட்டை முழுக்க வியர்வை. கடுப்பில் இரண்டு தடவை நானும் கத்தினேன். நடுவில் மாட்டிய மஞ்சு, "சும்னே இருங்கப்பா ரெண்டு பேரும்" என்று கடலையை உரித்து இருவர் வாயிலும் திணித்தான்.

மங்களூர் வரும்போது ஒன்றரை. மீன் சாப்பாடு முடித்து, உடுப்பி தாண்டி, குந்தாபுராவில் நாலு மணிக்கு டீ. அங்கேதான் அந்தோணி கை நீட்டினான்.

"சாவி குடு மச்சா. மரவந்தே மட்டும். நேர் ரோடுதான?"

மஞ்சு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருடம் எங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்த கை அது.

"முடியாதுடா. ஸ்டெல்லாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ஒரு கிலோமீட்டர்."

"அரை கிலோமீட்டர்கூட முடியாது."

என் முகத்தையே பார்த்தான். டீயை முழுசாகக் குடிக்காமல் எழுந்து போய், கிளீனர் சீட்டில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினான்.

வடக்கே போகும்போது கடல் இடப்பக்கம், அதாவது கிளீனர் சீட் பக்கம். தென்னை மரங்கள் விலகின, வெயில் சாய்ந்த நேரம், கடல் மொத்தமாக உள்ளே வந்த மாதிரி இருந்தது. அந்தோணி கண்ணாடியை இறக்கினான்.

"டேய். இங்க கடல் இவ்ளோ கிட்டயா இருக்குது?"

"நாலு வாட்டி வந்திருக்கியேடா!" என்றான் மஞ்சு.

"நான் எங்கடா பாத்தேன்? லாரி பம்பரத்தான பாத்தேன். நீங்க தண்ணில குதிப்பீங்க, நான் சீட்ட சாச்சினு தூங்குவேன். திரும்ப ஓட்டணும்ல."

உண்மைதான். அப்போதெல்லாம் இரட்டை வழிச் சாலை, எதிரே லாரி மேல் லாரி. அவன் தூங்கட்டும் என்று நாங்கள் இறங்கி ஓடிவிடுவோம். அவனுக்குக் கடல் பிடிக்காது என்றுகூட நினைத்திருக்கிறேன்.

வண்டியை ஓரம் கட்டினேன். இளநீர்க்காரர், அலை பலமாக இருக்கிறது, இறங்காதீர்கள் என்று கன்னடத்தில் எச்சரித்தார். இருவரும் கரையில் கொட்டியிருந்த பாறை மேல் உட்கார்ந்தார்கள். நானும் போகலாம் என்று சீட்டைக் கொஞ்சம் சாய்த்தேன், அவ்வளவுதான் நினைவிருக்கிறது. பன்னிரண்டு மணி நேர அலுப்பு.

இதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு: பெட்ரோல் போக வர ஆறாயிரத்தை ஒட்டி வரும், டோல் தனி. குந்தாபுராவில் 1,800 ரூபாய்க்கு மூன்று பேர் தங்கும் ரூம் கிடைத்தது. மழைக்காலத்தில் காட் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். மரவந்தே அலையில் இறங்காதீர்கள். முடிந்தால் ஓட்டத் தெரிந்த இரண்டு பேராகப் போங்கள், கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும், கடல் எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டார்கள். அந்தோணியைக் கேளுங்கள் என்றேன். நான் பார்க்கவில்லை. அன்று மஞ்சு என்னை எழுப்பக் கதவைத் திறந்ததும், அரைத்தூக்கத்தில் அந்தோணியின் குரல் கேட்டதும்தான் எனக்குத் தெரியும்.

"சத்தம் போடாதடா. டிரைவர் தூங்குறான்."