தேங்காயில் பெயர் அச்சடிக்கும் மெஷின்

சாரம் ஏரியாவில் நான் சீட்டுப் பிடிக்கிறேன். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவேன். அதற்குள் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். அதனால்தான் பக்கத்து வீட்டுச் சுமலதா போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

சுமலதா கல்யாண வரிசைத் தட்டு அலங்கரிப்பவள். தட்டில் வைக்கும் தேங்காயில் மணமக்கள் பெயரைத் தூரிகையால் எழுதுவாள். பெண்ணின் பெயர் கோணக் கூடாது, அழித்தும் எழுதக் கூடாது; சகுனம் சரியில்லை என்று தட்டையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒரு தட்டும் திரும்பியதில்லை.

போனில் அவள் காட்டியது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு அச்சு மெஷின். பெயரைப் போனில் தட்டி, மெஷினைத் தேங்காய்மேல் இழுத்தால் எழுத்து விழுகிறது. ஆனால் கடையில் கிடையாது. வெளிநாட்டில் நாலு பையன்கள், இப்போது பணம் கட்டுங்கள், செய்து அனுப்புகிறோம் என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் கட்டியிருந்தார்கள்.

"சீட்டு மாதிரிதான கமலக்கா? இத்தினி பேரு சேர்ந்திருக்காங்களே. வந்துட்டா வேல சீக்கிரம் முடியும்."

"நான் ஓடிட்டா எங்க வீட்டுக் கதவ வந்து ஒதைப்பீங்க. இவனுங்க கதவு எங்க இருக்கு?"

வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தோம். நாலு பேரும் ஓயாமல் சிரித்தார்கள். காரணமில்லாமல் சிரிக்கிறவனை நான் சீட்டில் சேர்ப்பதே இல்லை. வேண்டாம் என்றேன். அவள் வீட்டுக்காரர் செம்மலுக்கு நோணாங்குப்பம் போட் ஹவுஸில் வேலை. அவரும் பிராடு என்று அடித்துச் சொன்னார். யார் பேச்சையும் தட்டாதவள், என்னிடம் போட்டிருந்த சீட்டை எடுத்துக் கட்டிவிட்டாள்.

அப்புறம் பயம் பிடித்தது. சொன்ன மாதத்தில் வரவில்லை. தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஒரு தகவல் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. வீடியோவுக்குக் கீழே ஊர் ஊராக ஆட்கள் பணத்தைக் கேட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சுமலதா சோறு இறங்காமல் அதையே படித்தாள். வந்த ஆர்டர்களைத் தட்டிக்கழித்தாள். பணம்தானே, போனால் போகிறது என்று தேற்றினால் இன்னும் மிரண்டாள். ஒரு மெஷினுக்கு இவ்வளவு பயமா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

போன வாரம் பார்சல் வந்தே விட்டது. செம்மல் வேலைக்குப் போயிருந்ததால் என் வீட்டில் வைத்துப் பிரித்தோம். நிர்மலா என்று ஒரு கல்யாணப் பெண்ணின் பெயரைத் தட்டி, ஆசைக்கு நான் ஒரு இழுப்பு இழுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி எழுத்து விழுந்தது. அந்தப் பையன்களைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கே வெட்கமாகப் போயிற்று.

சுமலதாவிடம் கொடுத்தேன். அவள் இழுத்தபோது எழுத்துகள் நெளிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறின. வேறு தேங்காய் எடுத்துக் கொடுத்தேன். அதிலும் அப்படியே.

"மெதுவா இழுடி" என்று அதட்டியபோதுதான் அவள் கையைப் பார்த்தேன். மெஷின் தேங்காய்மேல் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து கை இப்படி ஆடுது?"

"தீபாவளிக்கு முன்னாடியே. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட போவவே பயமா இருக்குக்கா."

அவள் மெஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"அவரு கேட்டா, மெஷின் வேல செய்யல, ஏமாத்திட்டானுங்கன்னு சொல்லிடுக்கா. திட்டுனா திட்டட்டும்."