கிரீஸ் வைப்பதற்கு முன்

ஒர்க்‌ஷாப்பில் அந்த மெக்கானிக்குக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆட்டிப்பார்'. பிரேக் வேலைக்கு வந்த வண்டியாக இருந்தாலும் சரி, ஓட்டி வந்தவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லிவிட்டு இவர் அடியில் படுத்துக்கொள்வார். சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளின் மூட்டு ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, விரலால் பிடித்துப் பார்ப்பார். அது முடியும்வரை கிரீஸ் கன்னை யாராவது தொட்டால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"அண்ணே, கை குலுக்குனாக்கூட மணிக்கட்டுல ஆட்டம் இருக்கான்னு பாப்பீங்க போல" என்று டிங்கர் வேலை செய்பவர் சீண்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். இவர் மட்டும் சிரித்ததில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்பு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. கைவேகமும் அதைவிடப் பெரிய தலைக்கனமும்தான் இருந்தன. தங்கையின் கணவர் அப்போது கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் ஓட்டினார். ஒரு நாள் காலையில் வந்து, "மச்சான், ஸ்டியரிங் அலையுது. கொஞ்சம் பாருங்க" என்றார். வரிசையில் மூன்று வண்டிகள் காத்திருந்தன. இவர் மூட்டுகளுக்கெல்லாம் முதலில் கிரீஸை அடித்துவிட்டு, அப்புறம் ஆட்டிப் பார்த்தார். தேய்ந்த மூட்டுக்குள் புது கிரீஸ் போய் உட்கார்ந்தால் இடைவெளி நிறைந்து ஆட்டம் கைக்குத் தெரியாது. நாலு நாளில் கிரீஸ் பிதுங்கி வெளியே வந்ததும் பழையபடி ஆடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கற்கும் பாடம் இது. தெரிந்தும் செய்தார்.

"ஒண்ணுமில்ல மாப்ள, கல்லு மாதிரி இருக்கு. ஓட்டுங்க."

பதினேழாம் நாள், மச்சான் சொன்னதை நம்பி ஓட்டிக்கொண்டிருந்த வேன் ஒரு வளைவில் திரும்பாமல் நேராகச் சுவரில் போய் மோதியது. மாப்பிள்ளைக்கு வலது முழங்கால் நொறுங்கிப்போனது. இழுத்துவந்த வண்டிக்கு அடியில் இவர்தான் முதலில் படுத்தார். இடது மூட்டுக்குள் இருக்கும் இரும்புக் குண்டு, அதைப் பிடித்திருக்கும் கிண்ணத்தைவிட்டுக் கழன்று தொங்கியது. கிண்ணத்தின் உள்பக்கம் நாள்பட்டுத் தேய்ந்து பளபளத்தது.

"இடிச்ச வேகத்துல கழண்டிருக்கு" என்றார். மெக்கானிக் சொன்னால் யார் மறுபடி கேட்கப்போகிறார்கள்? அந்த மூட்டு பழைய இரும்போடு போய்விட்டது.

பழி மாப்பிள்ளை தலையில் விழுந்தது. சாப்பிட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்கிற ஆள் அவர். "தூங்கி வழிஞ்சுகிட்டே ஓட்டுனீங்களா?" என்று ஆஸ்பத்திரியில் தங்கை அழுதபோது இல்லவே இல்லை என்றார். பிறகு, தெரியலையே என்றார். மூன்றாம் மாதம், "கண்ணசந்துட்டேன் போல" என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். இப்போது ஒரு கிடங்கில் எடை போடுகிறார். அதற்குப்பின் சைக்கிளைக்கூடத் தொட்டதில்லை.

இதைச் சொல்லும் எனக்கு இந்த மெக்கானிக் மேல் வருத்தத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். பதினோரு வருஷமாகவா நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்? தினமும் சொல்லத்தான் நினைத்தாராம்.

போன வாரம் தங்கை ஒரு பழைய வேன் வாங்கினாள். தான் தைக்கும் துணிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகத்தான்; ஓட்டப்போவதும் அவளேதான். ஒர்க்‌ஷாப்பில் வண்டியையும் கணவரையும் விட்டுவிட்டு நூல் வாங்கப் போனாள்.

"ஏறி உக்காந்து ஆட்டுங்க, மாப்ள."

"நானா? வேணாம் மச்சான்."

"எஞ்சினே ஓடல. எங்கயும் போயிடாது."

தயங்கித் தயங்கி ஏறினார். ஸ்டியரிங் அசைந்தபோது இடது மூட்டு இவர் விரலுக்கடியில் 'டக் டக்' என்று ஆடியது. அதைக் கழற்றி, சக்கரத்தின் நேர் மாறாதபடி, பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்றி, நட்டை முறுக்கி, அது கழலாமலிருக்கப் புதுப் பின் போட்டு மடக்கினார். ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை. இதையும் பார்க்காமல் விட்டிருந்தால் இந்த முறை தங்கையல்லவா சுவரில் மோதியிருப்பாள் என்ற நினைப்பு அவரைப் பிடுங்கித் தின்றது.

ஒருவழியாக வெளியே வந்து, கழற்றிய மூட்டை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அது லொடலொடவென்று ஆடியது.

"அன்னிக்கு உங்க வண்டியிலயும் இப்படித்தான் இருந்துச்சு. கிரீஸ முதல்ல அடிச்சிட்டேன். தேய்ஞ்சது தெரியல. அப்புறம் தெரிஞ்சும் சொல்லல. தப்பு என் மேலதான், மாப்ள."

மாப்பிள்ளை திட்டவில்லை. மூட்டை வெறுமனே ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் முழிச்சுதான் இருந்தேனா, மச்சான்?"

"முழிச்சுதான் இருந்தீங்க."

"திருப்புனேன், வண்டி திரும்பல. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இத்தனை வருஷமா அத கனவுன்னுல்ல நெனச்சுகிட்டு இருந்தேன்."