பெரட்டு மாத்திரையும் டொக்டர் அருளப்பனும்

கினிகத்தேனையிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர் இறங்காமலே ஜன்னல் வழியாகச் சொன்னார்: "அம்மா, நம்ம டொக்டரையா தவறிட்டாருங்க. விடியக்காலையில." பஸ் போய்விட்டது. மருந்தகத்துச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஹட்டன் கடைத்தெருவிலேயே நின்றேன். டொக்டர் அருளப்பன் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அதற்கு முன் பதினொரு வருடம், அவர் எழுதிய மருந்தை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கிண்டல் தெரியும். டிஜிட்டாலிஸ் என்ற இருதய மாத்திரையை மஸ்கெலியாப் பக்கத்து வைத்தியர்கள் கால் வீங்கினாலே எழுதுவார்கள். வட்டகொடைப் பக்கத்திலோ அதைத் தொடவே பயப்படுவார்கள். "மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு நெஞ்சாங்க? டொக்டர் எங்க படிச்சாரோ அந்தத் தாளத்துக்குத் துடிக்குது போல" என்பார். சிரிப்போம். ஆனால் நாங்களும் நோயாளியின் ஊரைக் கேட்டே மருந்து கொடுத்தோம். வட்டகொடை என்றால் அந்த மாத்திரை முன்பு கிடைத்திருக்காது என்பது எங்கள் கணிப்பு.

பார்வதி வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மூச்சிரைப்போடு வந்தார்.

"வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார் டொக்டர்.

"ஐயையோ, மருந்தா? தோட்டத்துல குடுக்கிற அந்தக் கசப்புப் போத்தலத் தொட்டதே இல்லீங்கய்யா."

டிஜிட்டாலிஸ் எழுதினார். எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை பார்வதி மறுபடி வந்தார். டொக்டர் கொழும்பு போயிருந்தார். எனக்கு முன்னால் நீண்ட வரிசை.

"சாப்பிட்டா வாந்தி வருதுங்கம்மா. கொழுந்தெல்லாம் மஞ்சளாத் தெரியுது. முத்தின எலையப் பறிக்கிறேன்னு வேலைய மேய்க்கிற கண்டாக்கையா ஏசுறாரு. என் கண்ணுல மஞ்சத்தூளக் கொட்டிட்டாங்களோ என்னமோ!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வியாழக்கிழமை டொக்டர் வந்துருவாரு, அன்னைக்கு வாங்க. மாத்திரைய மட்டும் விட்டுறாதீங்க" என்றேன். அந்த மாத்திரை மிஞ்சினால் கண்ணுக்கு மஞ்சள் தட்டும் என்று கல்லூரியில் படித்தவள்தான் நான். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை பார்வதியின் மகள்தான் வந்தாள்.

"அம்மா ஒண்ணையும் விடலீங்க. நீங்க குடுத்ததும் முழுங்குனாங்க, பெரட்டுல குடுக்கிறதும் முழுங்குனாங்க. நேத்துக் கொழுந்து நிறுக்கிற எடத்துலேயே சாஞ்சாங்க, அதோட உசுரு போயிருச்சுங்க."

பார்வதியின் தோட்ட மருந்துச்சாலைக்கு மஸ்கெலியாவிலிருந்து மாற்றலாகி வந்த புது டிஸ்பென்சர் தன் பழைய வழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார். காலையில் பேர் போடும் பெரட்டுக் களத்தில், நெஞ்சு நோய்க்காரர்களைத் தன் கண் முன்னாலேயே டிஜிட்டாலிஸ் விழுங்க வைப்பார். பெரட்டில் தருவதை யாரும் மருந்து என்று சொல்வதில்லை. அது வேலையோடு சேர்ந்தது. பார்வதி பொய் சொல்லவில்லை.

டொக்டர் அந்தப் பெண்ணின் முன்னால் எழுந்து நின்றார். "தப்பு என்னுதும்மா. நான் கேட்ட கேள்வி தப்பு" என்றார். அவள் அழவில்லை, காலிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு அவர் ஞாயிறுதோறும் பஸ் ஏறி, தோட்டம் தோட்டமாகப் போய் யார் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதினார். "எங்களுக்குப் பரீட்சை வைக்க வந்தீங்களா டொக்டர்?" என்று தலவாக்கலையில் ஒரு வைத்தியர் முகத்துக்கு நேரே கேட்டார். "எனக்குத்தாங்க பரீட்சை. நான்தான் பெயிலானவன்" என்றாராம் இவர். யாரும் தம் வழக்கத்தை மாற்றவில்லை. அவர் தம் கேள்வியை மட்டும் மாற்றினார்: "காலையில இருந்து வாயில என்னென்ன போட்டீங்க? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

அந்தக் கேள்வியை நான் இன்றும் மருந்தக ஜன்னலில் கேட்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. பார்வதி இடையில் வந்ததே அவருக்குத் தெரியாது. தப்பு முழுவதையும் தன்னுடையது என்று சுமந்தே அவர் போய்விட்டார். அதில் என் பங்கு என்னிடம் இருக்கிறது. அதை இனி வாங்கிக்கொள்ள ஆளில்லை.